களஞ்சியப் பூனையின் முதுமைக் காலம்

தை மாதத்தில் நெல் வீடு வந்து சேரும்போது எலியும் உடன் வந்து சேருகிறது. மூட்டை அடுக்கிய அறையாயினும், பழைய பத்தாயமாயினும், உளுந்தும் பயறும் வைத்த பானையாயினும், எலிக்கு வழி தெரியாத இடம் குடியானவன் வீட்டில் இல்லை. இதனைத் தடுப்பதற்கு வீடுதோறும் ஒரு பூனை வளர்ந்து வருவது தொன்றுதொட்ட வழக்கம். உழவு மாட்டுக்குத் தீவனச் செலவு, காவல் நாய்க்குச் சோற்றுச் செலவு என்று கணக்கெழுதும் மிராசுதாரும் பூனைக்கென்று ஒரு பற்று எழுதுவதில்லை. அடுக்களையில் எஞ்சிய மோர்ச்சோறே அதற்குச் சம்பளம். அச்சம்பளத்தைப் பெற்றுக்கொண்டு பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் இரவு முழுவதும் விழித்திருந்து அது தானியத்தைக் காக்கிறது. கிராம அதிகாரிகளுக்கும் இதன் அருமை தெரியும். எலி கடித்த அடங்கலையும் சிட்டாவையும் கையில் வைத்துக்கொண்டு மேலதிகாரிக்குச் சமாதானம் சொல்ல நேர்ந்த எவரும் கச்சேரியில் ஒரு பூனை திரிவதை வெறுக்கமாட்டார்.

அப்பூனை மூப்படைந்த பின் என்ன ஆகிறது என்பதே இங்கு எடுத்துக்கொண்ட விஷயம். கண் மங்கி, பல் விழுந்து, மதிலேற மாட்டாமல் திண்ணை மூலையில் சுருண்டு கிடக்கும் பூனையைச் சாக்கில் கட்டி ஆற்றுக்கு அக்கரையிலோ வாரச் சந்தையின் ஓரத்திலோ விட்டுவிட்டு வரும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. மீன் கடைக்கு அருகில் விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று சொல்லி மனத்தைத் தேற்றிக்கொள்வார்கள். அது பிழைப்பதில்லை. பூனை தன் எல்லையை மோப்பத்தாலும் பழக்கத்தாலும் அறிந்து வாழும் பிராணி. கிழப்பூனைக்கோ கண்ணும் காதும் கைவிட்ட பிறகு அப்பழக்கம் ஒன்றே துணை. புதிய இடத்தில் நாய்க்கும் வண்டிக்கும் பசிக்கும் அது சில நாட்களில் இரையாகிவிடும். 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவுப்படி, தக்க காரணமின்றி ஒரு பிராணியைப் பசியாலோ தாகத்தாலோ வருந்தும்படி கைவிடுவது குற்றமாகும். முதற் குற்றத்திற்கு அதில் எழுதப்பட்ட அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரையில். கைவிடப்பட்ட பூனைக்கு ஒரு வேளை மீன் வாங்கவும் இத்தொகை போதாது என்பது வேறு விஷயம். ஆயினும் குற்றம் குற்றமே என்பதைக் கிராம நிர்வாக அலுவலர்கள் ஊராருக்கு எடுத்துச் சொல்லலாம்.

பூனை மனிதனை அடுத்து வந்ததே தானியத்தின் பொருட்டுத்தான். மேற்கு ஆசியாவில் உழவு தொடங்கிய காலத்தில், சேர்த்து வைத்த தானியத்தைத் தேடி எலி வந்தது. எலியைத் தேடிக் காட்டுப்பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு மனிதனுடைய புதைகுழிக்கு அருகே, ஒரு முழத்திற்கும் குறைவான தொலைவில், ஒரு பூனை முழு உடலாக அடக்கம் செய்யப்பட்டிருந்ததைப் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் 2004-இல் வெளியிட்டார்கள். எகிப்து தேசத்தில் வீட்டுப் பூனை இயற்கையாக இறந்தால் அவ்வீட்டார் அனைவரும் புருவத்தை மழித்துக்கொள்வார்கள் என்று கிரேக்க ஆசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதி வைத்தார். அதுவும் நைல் நதியின் வண்டலை நம்பிய நெல்லில்லா நாட்டுக் கோதுமைக் குடியானவர்களின் வழக்கமே.

வீட்டில் நன்கு பேணப்படும் பூனை 12 முதல் 18 ஆண்டுகள் வரை உயிர் வாழக்கூடியது. அமெரிக்காவில் டெக்சாஸ் மாகாணத்தில் 1967-இல் பிறந்த ஒரு பூனை 38 ஆண்டுகள் வாழ்ந்து 2005-இல் இறந்தது, அஃது அபூர்வம். பத்து வயதைக் கடந்த பூனையை முதிய பூனை என்றே கால்நடை மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். பதினைந்து வயதுப் பூனை, மனிதரில் எழுபத்தைந்து வயதைக் கடந்த கிழவருக்கு ஒப்பு. ஆனால் கிழவர் மூட்டு வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்வார். பூனை சொல்லாது. வலியை மறைப்பது அதன் பிறவிக்குணம்; காட்டில் வலியை வெளிக்காட்டிய பிராணி வேறொன்றுக்கு இரையாகிவிடும். ஆகவேதான் பத்தாயத்தின்மேல் தாவிக்கொண்டிருந்த பூனை தாவாமல் நின்றுவிட்டால், "சோறு கொழுத்துச் சோம்பல் பிடித்துவிட்டது" என்று வீட்டார் சொல்லிவிடுகிறார்கள். 12 வயதைக் கடந்த 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களை ஆராய்ந்து 2002-இல் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்ட அறிக்கையில், 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்வு காணப்பட்டது. சோம்பல் என்று பெயர் பெற்றதில் பெரும்பங்கு மூட்டுவலியே என்பது இதனால் விளங்கும். அது வழக்கமாக ஏறிப் படுக்கும் இடத்திற்கு அருகில் ஓர் அரை மூட்டைத் தவிட்டையோ ஒரு பலகையையோ படியாகப் போட்டுவைத்தால் மறுநாளே பழைய இடத்தில் அதனைக் காணலாம். மார்கழிக் குளிரில் பழைய சணல் சாக்கை மடித்துத் தரையின் ஈரம் ஏறாதபடி விரித்து வைத்தல் வேண்டும். வெளியே சென்று மலஜலம் கழிக்க இயலாத பூனைக்கு அகன்ற தட்டில் மணலோ சலித்த சாம்பலோ பரப்பி வைக்கலாம். தட்டின் விளிம்பு உயரமாக இருந்தால் அது காலைத் தூக்கி வைக்கமாட்டாமல் பக்கத்திலேயே கழித்துவிடும். அதற்காக அதனை அடிப்பவர் உண்டு. தட்டை மாற்றுபவர் குறைவு.

ஆகாரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லுதல் அவசியம். ஏனெனில், குடியானவர் வீடுகளில் கிழப்பூனைகள் மெலிந்து சாவதற்குக் காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. பூனை மாமிசம் உண்ணவே படைக்கப்பட்ட பிராணி. டாரின் என்னும் ஒரு சத்தை அதன் சரீரம் போதிய அளவு தானே உண்டாக்கிக்கொள்ள இயலாது. அச்சத்து இறைச்சியிலும் மீனிலும் எலியின் உடலிலும் உண்டு, சோற்றிலும் பருப்பிலும் இல்லை, பாலிலும் முட்டையிலும் மிகச் சொற்பம். இது குறைந்தால் பூனையின் விழித்திரை கெட்டுக் குருடாகும் என்பது 1975-இலும், இருதயம் விரிந்து பலவீனப்படும் என்பது 1987-இலும் நிரூபிக்கப்பட்டன. அப்படியாயின் மோர்ச்சோறு மட்டும் தின்றே நம் வீட்டுப் பூனை பத்து ஆண்டு வாழ்ந்ததே என்று கேட்கலாம். அது மோர்ச்சோற்றால் மட்டும் வாழவில்லை. வீட்டார் இட்டது பாதி, களஞ்சியத்தில் தானே பிடித்துத் தின்ற எலியும் சுண்டெலியும் மறுபாதி. மூப்பினால் வேட்டை நின்ற நாளில் அந்த மறுபாதி நின்றுவிடுகிறது. இட்ட சோறோ முன்போலவே இருக்கிறது. எலி பிடிக்காத பூனைக்குச் சோறு எதற்கு என்று அதனையும் குறைப்பவர்கள் உண்டு. வேலை செய்த காலத்தில் அது தன் உணவைத் தானே தேடிக்கொண்டது. வேலை நின்ற பிறகுதான் வீட்டார் முழு உணவையும் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள் என்ற கணக்கு அநேகருக்குத் தெரிவதில்லை.

மீன் உண்ணும் வீடுகளில் இதற்குப் பெருஞ்செலவு இல்லை. மத்தி, நெத்திலி முதலியவற்றின் சதையை உப்பும் காரமும் சேர்க்காமல் அவித்து, முள்ளை நீக்கி, பல்லில்லாத பூனைக்குக் கையால் மசித்து, இளஞ்சூட்டில் வைக்கவேண்டும். மூப்பில் மோப்பம் குறைகிறபடியால் ஆறிய உணவை அது நாடாது. சற்றுச் சூடு காட்டினால் வாசனை எழும்பும். கருவாட்டுத் தலையை எறிவது வழக்கமாயினும் அதிலுள்ள உப்பு கிழப்பூனைக்கு ஆகாது. கோழிக் கழிவில் ஈரலும் இருதயமும் நல்லவை. ஆனால் ஈரலையே தினந்தோறும் இட்டால் வைட்டமின் ஏ மிகுந்து எலும்பு கெடும். ஒரே வேளையில் நிறைய வைப்பதைவிட நாலைந்து தரம் சிறிது சிறிதாக வைப்பதே மேல். பால் குடித்து வயிறு கழியும் பூனைக்குப் பாலை நிறுத்திவிடவேண்டும். சைவ வீடுகளில் மீன் வேகவைப்பது நடவாத காரியம். அத்தகையோர் நகரத்துக் கடைகளில் விற்கும் பூனைத் தீனியை வாங்கி நீரில் ஊறவைத்துக் கொடுக்கலாம், அதில் டாரின் சேர்க்கப்பட்டிருக்கிறது. அல்லது மீன் உண்ணும் அண்டை வீட்டாரோடு ஓர் ஏற்பாடு செய்துகொள்ளலாம். பல ஊர்களில் பூனைகளே இந்த ஏற்பாட்டை வீட்டாரைக் கேளாமல் செய்துகொண்டிருக்கின்றன.

தண்ணீரும் உணவுக்கு இளைத்ததன்று. பூனையின் மூதாதை வறண்ட நிலத்துப் பிராணி. தாகம் குறைவாக உணர்ந்து, உண்ணும் இரையிலுள்ள ஈரத்தைக் கொண்டே வாழும் இயல்பினது. அதன் சிறுநீரகங்கள் வாழ்நாள் முழுவதும் கடுமையாக உழைத்து முதுமையில் ஓய்ந்துவிடுகின்றன. கிழப்பூனை திடீரென்று அடிக்கடி தண்ணீர்க் கிண்ணத்தை நாடுவதும், மிகுதியாகச் சிறுநீர் கழிப்பதும், வாயில் துர்நாற்றம் வீசுவதும், மெலிவதும் இந்த வியாதியின் குறிகள். இது முற்றிலும் தீருவதன்று. எனினும் ஆரம்பத்தில் கண்டால் உணவாலும் மருந்தாலும் பல மாதங்கள், சில சமயம் ஆண்டுகளும், சுகமாக வாழச் செய்யலாம். வீட்டில் இரண்டு மூன்று இடங்களில், உணவுக் கிண்ணத்திற்குச் சற்றுத் தள்ளி, மண்சட்டியில் தண்ணீர் வைத்து நாள்தோறும் மாற்றவேண்டும். நன்றாகத் தின்றும் மெலியும் பூனைக்குத் தைராய்டுக் கோளாறோ நீரிழிவோ இருக்கலாம். அதனையும் மருத்துவரே கண்டறியவேண்டும்.

மெலிவைக் கண்ணால் அறிய முடியாது, மயிர் மறைத்துவிடும். பயறும் மிளகாயும் நிறுக்கும் தராசு ஒவ்வொரு குடியானவர் வீட்டிலும் இருக்கிறது. அமாவாசைதோறும் பூனையைக் கூடையில் வைத்து நிறுத்து, கூடையின் எடையைக் கழித்து, பஞ்சாங்கத்தின் ஓரத்தில் குறித்து வைத்தல் நன்று. மூன்று கிலோ எடையுள்ள நாட்டுப்பூனை 300 கிராம் குறைந்தால் அது பத்தில் ஒரு பங்கு. அறுபது கிலோ மனிதர் ஆறு கிலோ இளைத்ததற்குச் சமம். அப்போதே கால்நடை மருந்தகத்திற்குச் செல்லவேண்டும். இரண்டு நாள் முழுவதும் உணவு கொள்ளாத பூனையை மூன்றாம் நாளும் பார்க்கலாம் என்று விட்டுவைக்கலாகாது. கொண்டுசெல்லும்போது சாக்கு கூடாது. மூடியுள்ள மூங்கிற்கூடையில் அது படுக்கும் துணியையே விரித்துக் கொண்டுசெல்லவேண்டும். கிராமத்து மருந்தகங்கள் மாட்டையும் ஆட்டையும் பார்ப்பதற்கென்று ஏற்பட்டவை என்று தயங்குபவர் உண்டு. 1903-இல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி மருத்துவமனையில் பூனைகளும் நாய்களும் நாள்தோறும் சிகிச்சை பெறுகின்றன. அங்கு பயின்றவர்கள் கிராம மருந்தகங்களிலும் இருக்கிறார்கள்.

கிழப்பூனையின் நகம் தேயாமல் வளர்ந்து வளைந்து பாதச் சதைக்குள்ளேயே குத்திச் சீழ் பிடிப்பதுண்டு. மாதம் ஒரு முறை பாதத்தை அழுத்தி நகத்தை வெளிப்படுத்தி, நுனியை மட்டும் வெட்டிவிடவேண்டும்; உள்ளே தெரியும் சிவந்த பகுதியைத் தொடக்கூடாது. தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொள்ள மாட்டாத பூனையின் மயிர் சிக்குப்பிடிக்கும். பழைய சீப்பால் மெல்லச் சீவிவிடலாம். சீவும்போது பெட்டைப்பூனையின் மடியைத் தடவிப் பார்த்தல் வேண்டும். சிறு கட்டி தென்பட்டால் காத்திருத்தல் ஆகாது. பூனையின் மடிக்கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோயே.

இரக்கத்தால் செய்யும் காரியங்களே சில வேளைகளில் உயிரை வாங்கிவிடுகின்றன. பூனை காய்ச்சலாய்க் கிடக்கிறதென்று வீட்டிலுள்ள பாராசிட்டமால் மாத்திரையைப் பாலில் கரைத்து ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். மனிதருக்கு நன்மை செய்யும் அம்மருந்தை முறித்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு இல்லை. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது. இரத்தம் கறுத்து, ஈறு நீலித்து, முகம் வீங்கி அது இறக்கும். பினாயில் இட்டுத் துடைத்த தரையில் நடந்து காலை நக்கும் பூனைக்கும் அதே ஈரல் குறைபாட்டால் தீங்கு விளைகிறது. மாட்டின் உண்ணிக்கும் நாயின் உண்ணிக்கும் தெளிக்கும் மருந்துகளில் பெர்மெத்ரின் இனத்தைச் சேர்ந்தவை பூனைக்கு நரம்பு விஷம். தெள்ளுப்பூச்சி ஒழியட்டும் என்று தொழுவத்து மருந்தையே பூனைக்கும் பூசிவிட்டுப் பின் வலிப்பு வந்து துடிப்பதைக் கண்டு பதறுவதில் பயனில்லை.

எலி விஷத்தைப் பற்றிக் குடியானவர்கள் மிக்க ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். பூனை கிழடாகிவிட்டபடியால் எலி பெருகிவிட்டது. எலி பெருகியபடியால் விஷம் வைக்கிறார்கள். புரோமடயலோன் கலந்த உணவைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாட்கள் தள்ளாடித் திரிந்து, உட்கசிவால் மெல்ல இறக்கிறது. ஓடும் எலியைப் பிடிக்க மாட்டாத கிழப்பூனைக்கு இந்தத் தள்ளாடும் எலியே அகப்படுகிறது. பல மாதங்களுக்குப் பிறகு எலி பிடித்துவிட்டதென்று வீட்டார் மெச்சிக்கொண்டிருக்கும்போதே விஷம் பூனையின் உடலில் சேர்ந்துவிடும். சோர்வும், ஈறு வெளுத்தலும், மூக்கிலோ மலத்திலோ இரத்தம் காணுதலும் அறிகுறிகள். தாமதமின்றி மருத்துவரிடம் கொண்டுசென்றால் வைட்டமின் கே மருந்தினால் காப்பாற்ற இயலும். விஷத்தின் பெயர் எழுதிய பொட்டலத்தையும் உடன் கொண்டுபோகவேண்டும். துத்தநாக பாஸ்பைடுக்கோ மாற்று மருந்தே இல்லை. ஆதலால் கிழப்பூனை உள்ள வீட்டில் கூண்டுப்பொறியே தக்கது. வயலில் விஷம் வைப்பவர்கள் செத்த எலிகளைக் காலையிலேயே பொறுக்கி ஆழப் புதைத்துவிடவேண்டும். களஞ்சியத்தில் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை இடுவது பயிற்சி பெற்றவர் மட்டுமே செய்தற்குரியது. அவரும் கதவை மூடுமுன் மூட்டைகளின் இடுக்குகளை விளக்கு வைத்துப் பார்த்தல் வேண்டும். செவிடாகிப்போன பூனை கூப்பிட்டால் வராது. வைக்கோற்போர் பிரிக்கும்போதும், நிறுத்தியிருந்த டிராக்டரை எடுக்கும்போதும் இந்த எச்சரிக்கை வேண்டும்.

வெறிநாய்க்கடி நோய்த் தடுப்பூசியைக் கிழப்பூனை என்று சொல்லி நிறுத்திவிடலாகாது. சாதுவான பூனை காரணமின்றிச் சீறிக் கடித்தால், கடிவாயைச் சவுக்காரம் இட்டு ஓடும் நீரில் 15 நிமிஷம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குச் சென்று ஊசி போட்டுக்கொள்ளவேண்டும். கர்ப்பிணிகள் பூனையின் மலத்தட்டைச் சுத்தம் செய்யக்கூடாது.

இத்தனையும் யார் செய்வது? பெரும்பாலும் வீட்டுப் பெண்டிரும் பண்ணையாளும் தலையில் இவ்வேலை விழுகிறது. வேலை மிகுந்தால் பூனைமேல் வெறுப்பும் மிகும். 18-ஆம் நூற்றாண்டில் லண்டனில் வாழ்ந்த அகராதி ஆசிரியர் டாக்டர் ஜான்சன், ஹாட்ஜ் என்ற தம் பூனைக்குத் தாமே கடைக்குச் சென்று சிப்பி வாங்கி வருவார். வேலைக்காரரை அனுப்பினால் அவர்கள் அச்சிரமத்தை நினைத்துப் பூனையை வெறுப்பார்கள் என்பது அவர் சொன்ன காரணம். அவர் குடியிருந்த வீட்டின் எதிரில் அப்பூனைக்கு 1997-இல் சிலை வைத்திருக்கிறார்கள். அதே நகரத்தின் பிரிட்டிஷ் மியூசியம் வாசலில் 1909 முதல் 1929 வரை காவலிருந்த மைக் என்னும் பூனை பல் போன பிறகும் பணி நீக்கப்படவில்லை. வாயிற்காவலர்களே இறைச்சியையும் மீனையும் நறுக்கிக் கொடுத்து வந்தார்கள். அது இறந்தபின் அதன் வரலாற்றைச் சிறு புத்தகமாக எழுதினவர், அம்மியூசியத்தில் எகிப்தியப் பொருள்களுக்கு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற சர் எர்னஸ்ட் வாலிஸ் பட்ஜ். சர்க்கார் கட்டிடம் ஒன்று பூனைக்கு ஓய்வுக்காலம் கொடுத்தது என்பதைக் கிராம அதிகாரிகள் கவனிக்கலாம்.

இனி முடிவைப் பற்றிச் சொல்லவேண்டும். சாகும் தறுவாயில் பூனை வீட்டை விட்டுப் போய்விடும், தன் சாவை எவருக்கும் காட்டாது என்பது கிராமத்து நம்பிக்கை. உண்மை யாதெனில், நோயுற்ற பூனை இருட்டும் தனிமையும் உள்ள இடம் தேடி ஒளிகிறது. அங்கே அது நிம்மதியாக இறக்கிறது என்று எண்ணுவதற்கில்லை. நீரின்றி இரண்டு மூன்று நாள் தவிப்பதும் உண்டு. பூனை காணவில்லையென்றால் வைக்கோற்போர், பரண், வண்டியின் அடி, மாட்டுக்கொட்டிலின் மூலை முதலிய இடங்களில் தேடிக் கொண்டுவந்து, வீட்டிலேயே இருண்ட மூலையில் கிடத்தி, துணியை நனைத்து வாயை ஈரப்படுத்தவேண்டும்.

உணவு கொள்கிறதா, தானே எழுந்து தண்ணீருக்குச் செல்கிறதா, தன்னை நக்கிக்கொள்கிறதா, தடவினால் பழையபடி குறுகுறுவென்று ஒலிக்கிறதா என்று நாள்தோறும் பார்த்து, நல்ல நாளையும் கெட்ட நாளையும் எடை எழுதும் பஞ்சாங்கத்திலேயே குறித்துவந்தால், கெட்ட நாட்கள் மிகுந்துவிட்ட காலம் தெரியவரும். தீரா வேதனையில் கிடக்கும் பிராணிக்கு மயக்க மருந்தை மிகைப்படச் செலுத்தி வலியின்றி முடிவைத் தருவது மருத்துவருடைய தொழிலில் அடங்கியதே. கொல்லும் பாவம் நமக்கெதற்கு என்று சிலர் மறுப்பார்கள். அவர்கள் மனச்சாட்சியை எவரும் வற்புறுத்தமுடியாது. ஆனால் அவர்களும் வலி குறைக்கும் மருந்தை மருத்துவரிடம் கேட்டு வாங்கிக் கொடுக்கலாம். ஒன்றும் செய்யாமலிருப்பதைத் தர்மம் என்று கொள்வதற்கு நியாயம் இல்லை. மருத்துவர் ஊசியிட நேர்ந்தால் வீட்டார் ஒருவர் அதனைக் கையில் வைத்திருத்தல் நன்று. பழகிய கையும் பழகிய குரலும் அருகில் இருந்தால் அது மிரளாது.

சடலத்தை வாய்க்காலிலோ குப்பை மேட்டிலோ எறியக்கூடாது. கிணற்றுக்கும் நீரோடைக்கும் விலகிய மேட்டில் மூன்றடிக்குக் குறையாத குழி வெட்டி, புதைத்து, நாய் தோண்டாதபடி மேலே கருவேலமுள்ளும் கல்லும் வைக்கவேண்டும். ஊசியிட்டு இறந்த பிராணியானால் இது இன்னும் அவசியம். அதனைத் தின்னும் நாயும் கழுகும் அம்மருந்தாலேயே இறக்கும்.

உழவு மாடு இறந்தால் வீட்டில் அடுப்பு மூட்டாத குடியானவர்கள் உண்டு. சல்லிக்கட்டுக் காளை இறந்தால் மாலையிட்டு, மேளம் வைத்து, ஊரே திரண்டு அடக்கம் செய்கிறது. அங்கே மீசை வைத்த ஆண்பிள்ளைகள் அழுவதை எவரும் நகைப்பதில்லை. பூனைக்கு அத்தகைய சடங்கு ஒன்றும் இல்லை. மாட்டுப்பொங்கலைப் போல அதற்கொரு நாளும் இல்லை. ஆகவே அதன் பொருட்டு வரும் துக்கத்திற்கு வெளியே செல்ல வழியில்லை. விடியற்காலையில் பால் கறக்கும்போது காலைச் சுற்றி வந்த ஒன்று இன்று வரவில்லை என்ற எண்ணம், பன்னிரண்டு ஏக்கர் நிலத்திற்கு உடையவருக்கும் தொண்டையை அடைக்கத்தான் செய்யும். போயும் போயும் ஒரு பூனைக்கா என்று அவர் தம்மையே கடிந்துகொண்டு வயலுக்குப் போய்விடுகிறார். பத்துப் பன்னிரண்டு ஆண்டு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த உயிர் போனால் மனம் வருந்துவது இயற்கை. பிறர் நகைப்பார்கள் என்று அதனை அடக்குவதால் அது நீளுமேயன்றிக் குறையாது. இப்படிச் செய்திருந்தால் பிழைத்திருக்குமே என்று தம்மைத் தாமே நொந்துகொள்வதும் பலருக்கு உண்டு. அவர்கள் எடை குறித்த பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தால், மூப்பு எத்தனை மாதமாக வேலை செய்து வந்தது என்பது அதில் தெரியும்.

குழந்தைகளிடம் பூனை ஊருக்குப் போயிருக்கிறது என்று பொய் சொல்லுவது தவறு. அவர்கள் தெருக்கோடியில் பல நாள் காத்திருப்பார்கள். இறந்துவிட்டது என்று நேரே சொல்லி, அடக்கம் செய்யும்போது உடன் அழைத்துச் சென்று, விரும்பினால் ஒரு பூ வைக்கச் செய்யலாம். வீட்டில் தனித்திருக்கும் முதியவர்களைச் சிறப்பாகக் கவனிக்கவேண்டும். பிள்ளைகள் பட்டணத்தில் இருக்க, பகல் முழுவதும் பேச்சுத்துணையாக அந்தப் பூனை ஒன்றே இருந்த பாட்டிமார் எத்தனையோ பேர். அவர்களிடம் "வேறு பூனை பிடித்து வருகிறேன்" என்று உடனே சொல்வதைவிடச் சில நாள் அருகில் அமர்ந்து போனதைப் பற்றிப் பேசவிடுவது உசிதம். வீட்டில் இரண்டாவது பூனை இருந்தால் அது சில நாட்கள் மூலைமூலையாகத் தேடிக் கத்துவதும், உணவைக் குறைப்பதும் உண்டு. அதற்குப் பழைய நேரத்தில் பழைய இடத்திலேயே உணவு வைத்து வரவேண்டும்.

புதுக்குட்டியை எப்போது கொண்டுவருவது என்பதற்கு நாள் நட்சத்திரம் கிடையாது. எலியோ காத்திருப்பதில்லை. கிழப்பூனை உயிரோடு இருக்கும்போதே கொண்டுவருவதானால், குட்டியின் துள்ளல் மூட்டுவலியுள்ள கிழத்திற்குத் தொல்லையாகும். முதற் சில வாரங்கள் வெவ்வேறு அறையில் வைத்து, படுக்கைத் துணிகளை மாற்றிப் போட்டு, ஒன்றின் மணம் மற்றொன்றுக்குப் பழகியபின் சேர்க்கவேண்டும். இறந்தபின் கொண்டுவருவதானால் வீட்டார் மனம் ஒப்பும்வரை பொறுக்கலாம். குட்டிக்கு இரண்டு மாதம் நிறைந்திருக்கவேண்டும். எலி பிடிக்கும் தாயிடம் வளர்ந்த குட்டியாகப் பார்த்து எடுத்தல் நலம், வேட்டையைத் தாயே கற்றுக்கொடுத்து அனுப்பியிருக்கும். அப்படியும் அது பெரிய எலியை எதிர்த்து நிற்க ஆறேழு மாதம் ஆகும். தை அறுவடைக்குக் காவல் வேண்டுபவர் ஆனி, ஆடியிலேயே குட்டி தேடத் தொடங்கவேண்டும். அதுவரை களஞ்சியத்திற்குக் கூண்டுப்பொறியே காவல்.